நாற்பத்தொரு முகங்களும் ஒரு பன்னீர்ச் செம்பும்

எங்கள் முகங்களை மறைப்பதற்கு எங்களிடமே விலை கேட்டு ஒரு கடிதம் வந்தது. கைப்பேசியில் வந்த அதை, இங்கே நோர்வேயில் நான் இருக்கும் ஸ்டோவ்னரின் நூலகத்துக்குக் கொண்டுபோய்த் தாளில் அச்செடுத்தேன். கோபத்தைக் கையில் பிடித்துப் பார்க்கவேண்டும் போலிருந்தது. கண்ணாடித் திரையில் இருக்கும்வரை அது கசங்காது, கிழியாது, காற்றில் படபடக்காது. தாளில் அது என்னைப் போலவே நடுங்கியது.

கடிதம் சொன்னது இதுதான். நான் கேட்ட காவல்துறை ஒளிப்பதிவைப் பொதுவில் வெளியிடலாம். பதினொரு நிமிடப் பதிவு. அதில் காவலர்கள் தவிர நாற்பத்தொரு பேர் தெரிகிறார்கள். அந்த நாற்பத்தொரு பேரின் முகங்களையும் மங்கலாக்கி மறைக்க இத்தனை மணித்தியால வேலை, மணித்தியாலத்துக்கு இவ்வளவு கட்டணம். காவலர் இருவரையும் பற்றிய வேலைக்கு நான் எதுவும் தரவேண்டியதில்லை என்று பெருந்தன்மையாக ஒரு வரியும் இருந்தது. கூட்டுத்தொகை, மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நான் ஒரு மாதம் முழுக்கத் துணி மடித்தாலும் எட்டாத தொகை.

பதிவில் என்ன இருக்கிறது என்று சொல்லவேண்டும்.

அண்ணாவின் மகளுக்குக் கலியாணம். நகரத்தின் மறுமுனையில், அண்ணா இருக்கும் மோர்டென்ஸ்ருட்டில், ஒரு வாடகை மண்டபம். மதியம். தாலி கட்டி முடிந்து, முதல் பந்தி சாப்பாட்டில் இருந்தது. வாசலில் நின்று வருபவர்களை வரவேற்ற பிள்ளைகள் பசிக்குது என்று ஓடிவிட்டார்கள். பெண்ணைப் பெற்றவரான அண்ணா, யாரும் வெறும் வாசலால் உள்ளே வரக்கூடாது என்று தானே பன்னீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு நின்றார். நீண்ட கழுத்துள்ள வெள்ளிச் செம்பு. பிந்தி வந்தவர்கள், ஐஸ்கட்டி கொண்டுவந்த பொடியன், காரை நகர்த்தச் சொல்லிக் கேட்க வந்த பக்கத்து வீட்டு நோர்வேக் கிழவர் எல்லோருக்கும் தெளித்தார். கிழவர் தலையைத் துடைத்துக்கொண்டு, மணக்குது என்று சிரித்து, ஒரு வடையோடு போனார்.

தவில் சத்தம் கூடிப்போச்சு என்று யாரோ அழைத்துச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு காவலர்கள் வந்தார்கள். நெஞ்சில் கமரா. அண்ணாவுக்கு அவர்கள் வாசலுக்கு வந்த இன்னும் இரண்டு பேர். "வாங்கோ" என்றதை நோர்வே மொழியில் சொல்லி, செம்பை இரண்டு தரம் உதறினார்.

ஒரு துளி ஒரு காவலரின் கண்ணில் விழுந்திருக்க வேண்டும். அடுத்த நொடி அண்ணா பட்டு வேட்டியோடு நிலத்தில் குப்புறக் கிடந்தார். முதுகில் ஒரு முழங்கால். செம்பு உருண்டு செருப்புகளுக்கு நடுவே போய் நின்றது.

அந்தக் காவலர் பயந்ததற்கு அவரைக் குறைசொல்ல மாட்டேன். தெரியாத மனிதன், தெரியாத திரவம். ஆனால் சில நிமிடத்தில் அந்த வாசல் முழுக்கப் பன்னீர் மணந்தது. அது பன்னீர்தான் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதற்குப் பிறகும் அண்ணாவைத்தான் வாகனத்தில் ஏற்றினார்கள். செம்பை ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டு இலக்கம் ஒட்டினார்கள்.

பிறகு நடந்தவை எல்லாம் சின்ன எழுத்தில் நடந்தன. உள்ளூர்ப் பத்திரிகையில் நாலு வரி: திருமண விழாவில் காவலர் மீது இனந்தெரியாத திரவத்தை வீசியவர் கைது. சில வாரங்களில் வழக்கை மூடினார்கள், போதிய சான்று இல்லை என்று. குற்றமே நடக்கவில்லை என்றல்ல. அந்த இரண்டு வசனங்களுக்கும் இடையில் இருந்த இடைவெளிக்குள் என் அண்ணா விழுந்தார். பதினேழு வருடம் ஒரே பள்ளிக்கூடத்தில் பராமரிப்பாளராக இருந்தவர். எந்தக் கதவு பனிக்கு வீங்கும், எந்தக் குழாய் இருமும் என்று தெரிந்தவர். இடைவேளை நேரத்தில், முற்றத்தில், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, பள்ளி அதிபர் அவரிடம் எல்லாக் கதவுகளின் சாவிகளும் கோர்த்த திறப்புக் கொத்தைக் கேட்டு வாங்கினார். விஷயம் தெளிவாகும்வரை நகரசபையின் களஞ்சியம் ஒன்றில் உடைந்த கதிரைகளைப் பிரித்து அடுக்கும் வேலை.

எங்களிடம் படம் இல்லையா? இருந்தது. வீடியோக்காரர் அந்த நேரம் பந்தியில் ஆட்கள் சாப்பிடுவதைப் பிடித்துக்கொண்டிருந்தார். கைப்பேசிகள் எல்லாம் சத்தம் கேட்ட பிறகுதான் உயர்ந்தன. அதனால் எங்களிடம் இருந்த துண்டுகள் எல்லாம் அண்ணா நிலத்தில் கிடப்பதில் இருந்துதான் தொடங்கின. அண்ணா ஒவ்வொரு வீடாகப் போய் அவற்றை அழிக்கச் சொன்னார். அழித்தார்கள். அவர் தெளித்ததைப் பார்த்த கண், அந்தக் காவலரின் நெஞ்சில் இருந்த கமரா ஒன்றுதான்.

சம்பந்தப்பட்டவர் என்று அண்ணாவை ஒரு அறைக்குள் இருத்தி ஒரு தரம் போட்டுக் காட்டினார்கள். கையில் தரமாட்டோம் என்றார்கள். திரும்பி வந்தவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "எல்லாம் இருக்கு," என்றார். சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். ஆகவே நான் பொதுமக்களில் ஒருத்தியாக விண்ணப்பித்தேன். பத்திரிகையின் நாலு வரியை எல்லோரும் வாசித்தார்கள் அல்லவா, இதையும் எல்லோரும் பார்க்கட்டும் என்று. அதற்குத்தான் அந்த விலைக் கடிதம்.

மச்சாள் உடனே, "கட்டி முடிப்பம். சனத்திட்டைச் சொன்னால் சேர்த்துத் தருவினம்," என்றார். அண்ணாவின் மனைவி. எதையும் சத்தமில்லாமல் முடிக்க விரும்புபவர்.

"ஒரு குரோனரும் குடுக்கமாட்டன்."

"ஏன்டி, காசு உன்ரையே?"

"ஆற்றை காசெண்டாலும். என்ரை அண்ணனை நிலத்திலை போட்டதை நாங்கள் பாக்கிறதுக்கு, எங்கடை மூஞ்சியை மறைச்சு, அந்தக் கூலியையும் நாங்களே குடுக்கிறதோ?"

"உனக்கு விசர்," என்றார் மச்சாள். ஆனால் காசு சேர்க்கும் கதையை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

என் பக்கத்து வீட்டில் கோயம்புத்தூர்க்காரத் தம்பி ஒருவர் இருக்கிறார். கணினி வேலை. கலியாணத்துக்கும் வந்திருந்தார். மின்தூக்கிக்குக் காத்துநின்றபோது கடிதத்தை அவரிடம் நீட்டினேன்.

"அக்கா, முகத்த மறைக்கிறது இப்ப சாஃப்ட்வேரே பண்ணிடும். ஒரு டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள."

"அப்ப எதுக்கு இத்தினை மணித்தியாலம்?"

"அது ஒரே ஒரு எடத்துல கோட்டை விட்டாலும் போச்சுல்ல? அதனால ஒரு ஆள் உக்காந்து ஒவ்வொரு ஃப்ரேமா செக் பண்ணணும். கல்யாணக் கூட்டம் வேற. தல திரும்பும், குறுக்க யாராவது சாம்பார் வாளியோட போவாங்க. அந்த ஆளோட சம்பளம்தான் இது."

மின்தூக்கி வந்து, கதவைத் திறந்து, மூடிக்கொண்டு போனது. அவர் இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்திருந்தார்.

"இந்த லைன பாத்தீங்களா? பதிவுல இருக்கிறவங்க எழுத்துல சம்மதம் கொடுத்தா அவங்க முகத்த மறைக்க வேண்டியதில்லயாம். ஆனா நாப்பத்தொரு பேர எங்க போய்த் தேடுவீங்க?"

"கலியாண வீட்டுக்கு வந்த சனத்தை எங்களாலை தேட ஏலாதெண்டு நினைக்கிறீரோ?"

அவர் சிரித்தார். கடிதத்தோடு வந்த சம்மதப் படிவத்தைச் சுவரில் வைத்து முதல் கையெழுத்தை அவரே போட்டார். பிறகு வந்த பட்டியலில் அவர் நீல மேலங்கி, முப்பதாம் நபர்.

யார் யாருடைய சம்மதம் வேண்டும் என்று காவல்துறையைக் கேட்டு எழுதினேன். பெயர்கள் அவர்களிடம் இல்லை. உடையை வைத்து ஒரு பட்டியல் அனுப்பினார்கள். நபர் நான்கு, பச்சை உடை, பொன்னிற ஓரம், பெண். நபர் ஐந்து, பச்சை உடை, பொன்னிற ஓரம், பெண். நபர் ஒன்பது, பச்சை உடை, பொன்னிற ஓரம், பெண், கையில் குழந்தை. அவர்களைப் பொறுத்தவரை அது முடியாத காரியம். அதை எழுதியவர் மச்சாளைச் சந்தித்ததில்லை.

மோர்டென்ஸ்ருட்டில் மச்சாளின் வரவேற்பறையில், கலியாண வீடியோவை ஓடவிட்டுக்கொண்டு இருந்தோம். பந்தியில் ஒவ்வொருவர் வாயையும் நின்று நிதானித்துப் பிடித்திருக்கிறார் என்று நாங்கள் திட்டித் தீர்த்த வீடியோ. இப்போது அந்த வாய்களுக்கு மேலிருந்த முகங்களும், கீழிருந்த சேலைகளும் எங்களுக்கு வேண்டியிருந்தன. நான் பட்டியலை வாசித்தேன், மச்சாள் ஆளைச் சொன்னார்.

"நாலு, மாம்பிஞ்சுக் கரை. அது ஸ்டோவ்னர் ரீச்சர். மகளின்ரை சாமத்தியச் சடங்குக்கும் அதைத்தான் கட்டினவ."

"அஞ்சு?"

"அதுவும் பச்சைதான், ஆனா கிளிப்பச்சை. நோர்வேக்காரருக்குப் பச்சையெண்டால் ஒரு பச்சைதானே. பேக்கரி வைச்சிருக்கிற அக்கா."

"நபர் பதினாறு, மஞ்சள் உடை, உயரமானவர், பெண்."

மச்சாள் திரையை நிறுத்தி முன்னால் குனிந்தார். "உது பொம்பிளை இல்லையடி, ஐயர்!"

மூச்சு முட்டச் சிரித்தோம். கலியாணத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதற் சிரிப்பு. அண்ணா குசினிக்குள் இருந்தார். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார், எதையும் கழுவாமல்.

சனி ஞாயிறுகளில் தாள்களோடு புறப்பட்டேன். நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, சுரங்க ரயில் நிலத்துக்குள் இறங்கி நிலத்துக்கு மேல் ஏறி, இலை கொட்டிய மரங்களைக் காட்டி, பிறகு முதற் பனியைக் காட்டி, என்னை வீடுவீடாக இறக்கியது. எனக்கு இருக்கையில் இருக்க முடியவில்லை. கதவோரம் நின்றேன். எதிரே கைப்பேசியில் குனிந்த முகங்கள், நித்திரை வழியும் முகங்கள். ஒன்றும் மங்கலாக இல்லை. பகல் வெளிச்சத்தில் தன் முகத்தோடு போய்வருவதற்கு இந்த ஊரில் எவருக்கும் இன்னும் கட்டணம் இல்லை. எங்களுக்கு மட்டும் ஏன் என்று கதவுக் கண்ணாடியிடம் கேட்டேன். கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. நல்ல தெளிவாக.

ஐயர் தட்டில் விபூதி வைத்திருந்த கையாலேயே கையெழுத்துப் போட்டார். தன்னைப் பெண் என்று எழுதியதைச் சொன்னபோது, "அம்பாளின்ரை அருள்," என்றார். ரீச்சர் படிவத்தில் இருந்த ஒரு இலக்கணப் பிழையைச் சிவப்பு மையால் திருத்திவிட்டுத்தான் ஒப்பமிட்டார். ஒரு மாமா, "என்ரை மூஞ்சியைக் காட்டுறதுக்கு எனக்கு என்ன தருவியள்?" என்று கேட்டு, தேத்தண்ணி தந்து, பழைய கோபம் ஒன்றையும் சொல்லி, கடைசியில் தன் தம்பிக்கும் ஒரு தாள் கேட்டார். தம்பி மண்டபத்துக்கே வரவில்லை. "பரவாயில்லை, அவனும் போடட்டும்," என்றார். பேர்கனுக்கு இடம்மாறிப்போன பிள்ளை ஒருத்தி தாளைப் படமெடுத்து அனுப்பி, கீழே எழுதியிருந்தாள்: மாமி, என் தலைமுடி அன்றைக்கு நல்லா இருந்தது, தயவுசெய்து மறைக்கவேண்டாம்.

ஒருத்தி மட்டும் கதவைக் கால்வாசிதான் திறந்தாள். வீட்டுப் பராமரிப்பு வேலை செய்பவள். இருபத்திரண்டாம் நபர், ஊதா.

"அக்கா, கோவிக்காதேங்கோ. அண்டைக்கு எனக்கு வேலை. ஏகன்மெல்டிங் குடுத்திட்டு வந்தனான். காய்ச்சல் எண்டு."

டாக்டர் துண்டு இல்லாமல், எனக்குச் சுகமில்லை என்று நாமே எழுதிக் கொடுக்கும் லீவுக்கு இங்கே அதுதான் பெயர்.

"காய்ச்சலோடையோ ரெண்டு தரம் பாயாசம் வாங்கினீர்?" என்று கேட்டுவிட்டேன். வீடியோவில் பார்த்திருந்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "என்ரை முகம் வந்தால் என்ரை வேலை போகும்."

படிகளில் இறங்கும்போது கொதித்தேன். அவளுக்கு வேலை, அண்ணாவுக்கு வேலையில்லையா? பிறகு கீழ்க் கதவின் குளிர்ந்த பிடியில் கை வைத்தபடி நின்றேன். காட்டமாட்டேன் என்று சொல்லவும் அந்த முகம் அவளுடையதுதான். நான் சண்டைபிடித்துக்கொண்டிருந்ததே அதற்காகத்தான். திரும்பி ஏறி, கதவைத் தட்டி, "உம்மடை முகத்தை மறைக்கச் சொல்லுறன். பயப்பிடாதையும்," என்றேன். அவள் ஒரு பெட்டி நிறையப் பலகாரம் தந்தாள். அந்தப் பெட்டியை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

முப்பத்தொன்பது கையெழுத்து. இருபத்திரண்டாம் நபர் இல்லை. இன்னும் ஒருவர். நபர் ஒன்று. பதினொரு நிமிடத்தில் ஏறக்குறைய எல்லா நொடியிலும் இருப்பவர். அவருடைய முகத்தை மறைப்பதுதான் ஆகப்பெரிய வேலை என்று கடிதத்திலேயே இருந்தது. அவர் போடாவிட்டால் கட்டணம் பாதிக்குக்கூடக் குறையாது. அவரைக் கேட்கவேண்டும் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

களஞ்சியத்துக்குப் போனேன். மதிய இடைவேளை. உடைந்த பள்ளிக்கூடக் கதிரைகளுக்கு நடுவில் அண்ணா சாப்பாட்டுப் பெட்டியோடு இருந்தார். தாளை வைத்தேன். அவர் பாணைக் கடித்து, மென்று, விழுங்கினார்.

"நான் போடமாட்டன்."

"அண்ணா, உங்களுக்காகத்தானே..."

"எனக்காக எண்டு நான் கேட்டனானோ?"

"எல்லாம் இருக்கு எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"ஓம். எல்லாம் இருக்கு." அவர் பெட்டியை மூடினார். "நான் தெளிச்சதும் இருக்கு. அதுக்குப் பிறகு ஏழு நிமிசம் நான் நிலத்திலை கிடக்கிறதும் இருக்கு. என்ரை கன்னம் சப்பாத்துக்குப் பக்கத்திலை. வேட்டி விலகிக் கிடக்குது. நான் அழுறன், தெரியுமோ உனக்கு? எனக்கே தெரியாது. அங்கை பாத்துத்தான் தெரியும். நாளைக்கு என்ரை பிள்ளையின்ரை பிள்ளை அதைப் பாக்கவேணுமோ?"

ஆனாலும் பேசினேன், அது என் குணம். "விழுத்தினவைக்குத்தான் வெக்கம், விழுந்தவருக்கில்லை," என்றேன்.

"நீ கடிதம் எழுதுறவள். உனக்குச் சொல்லச் சுகம்," என்றார்.

வெளியே வந்து மூன்று தரிப்பிடங்கள் நடந்தேன், பேருந்து ஒவ்வொன்றையும் போகவிட்டு. அவர் சொன்னது சரி. நாற்பது பேரின் கையெழுத்தை வாங்க அலைந்தவள், ஒருவருடைய கன்னத்தை யோசிக்கவில்லை. தாள்களைப் பையின் அடியில் வைத்தேன். அனுப்பவில்லை. காசும் கட்டமாட்டேன், அவரையும் கேட்கமாட்டேன், அவ்வளவுதான் என்று எனக்குள்ளேயே முறைத்துக்கொண்டு இரண்டு கிழமை துணி மடித்தேன்.

ஒரு ஞாயிறு காலை அண்ணாவே ஸ்டோவ்னருக்கு வந்தார். இரண்டு ரயில் மாறி. சப்பாத்தைக் கழற்றவில்லை.

"அந்தத் தாளைத் தா."

கொடுத்தேன்.

"நேற்றுச் செய்தியிலை ஒருத்தனைக் காட்டினவங்கள். மூஞ்சியை மறைச்சு. பாத்த உடனை நான் என்ன நினைச்சனான் தெரியுமோ? உவன் என்னத்தைக் களவெடுத்தவனோ எண்டு." பேனாவைத் தேடினார். "ஐயற்றை முகம் தெரியும், ரீச்சற்றை முகம் தெரியும், உன்ரை முகம் தெரியும். என்ரை மட்டும் மறைஞ்சு கிடந்தால் ஆர் கள்ளன்? நான்தான்."

"வேட்டி..."

"விலகினதெண்டால் விலகினதுதான். அழுததெண்டால் அழுததுதான். அவங்கள் பாக்கட்டும்."

சப்பாத்தோடு நின்றபடியே, என் குளிர்சாதனப்பெட்டியின் கதவில் தாளை வைத்து ஒப்பமிட்டார்.

அனுப்பினேன். பதில் வர நாளெடுத்தது. மறைக்கவேண்டியது ஒரு முகம். அந்த அளவு வேலைக்குக் கட்டணம் அறவிடுவதில்லை. அதில் நன்றி என்ற சொல் இருந்தது, யாருக்கு என்று தெரியவில்லை. சில நாளில் பதிவு வந்தது. ஊதாச் சேலைக்கு மேல் ஒரு சாம்பல் மேகம், மற்ற எல்லோரும் எல்லோராகவே.

மச்சாளின் வரவேற்பறையில் போட்டுப் பார்த்தோம். முதலில் எங்கள் சனம் செய்வதைத்தான் செய்தோம், ஆளாளுக்குத் தங்களைத் தேடினோம். பிறகு அண்ணாவின் கை உயர்ந்தது. வாங்கோ. செம்பு இரண்டு தரம் அசைந்தது. பிறகு நிலம். ஏழு நிமிடமும் பார்த்தோம், அண்ணாவும் பார்த்தார். முடிந்ததும், "திரும்ப முதலுக்கு விடு," என்றார். மச்சாள் பின்னோக்கி நகர்த்தினார்.

"அதிலை நிப்பாட்டு. பார். சிரிச்சுக்கொண்டுதான் தெளிச்சனான்." அவர் திரைக்குக் கிட்டப் போனார். "நான் சிரிச்சனானோ இல்லையோ எண்டு இவ்வளவு நாளும் எனக்கே சந்தேகம் வந்திட்டுது."

அதே பத்திரிகை பதிவைப் போட்டது, இந்த முறை நாலு வரிக்கும் கூடவாக. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்தார்கள். விஷயம் தெளிவாகிவிட்டது, அலுவலகத்தில் வந்து திறப்புக் கொத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று. அண்ணா கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்து, திரும்ப வைத்து, நோர்வே மொழியில் மெதுவாகச் சொன்னார்: "அலுவலகத்துக்கு வரமாட்டேன். எங்கே வைத்து வாங்கினீர்களோ, அங்கே வைத்துத் தாருங்கள். இடைவேளை நேரத்தில்."

மறுமுனையில் யாரையோ கேட்டுவிட்டு, சரி, நாளைக்கு என்றார்கள்.

அடுத்த நாள் நானும் போனேன், காய்ச்சல் என்று லீவு எழுதாமல், வேலையிடத்தில் ஒழுங்காகக் கேட்டு. முந்தின வாரம்தான் திரும்பி வந்த செம்பு, இலக்கம் ஒட்டிய பையோடு, மச்சாளின் மேசையில் இருந்தது.

"கொண்டுபோகட்டோ?" என்றேன்.

"ஏன், இன்னொரு வழக்கோ?" என்றார் அண்ணா. வாய்விட்டுச் சிரித்தார்.

மணி அடித்தது. பிள்ளைகள் பனிக்கால உடுப்புகளில் உருண்டு வெளியே வந்தார்கள். அதிபர் முற்றத்தைக் கடந்து வந்தார், தொப்பி இல்லாமல், கொத்தைக் கையில் பிடித்தபடி. அண்ணா உடனே வாங்கவில்லை. கிட்ட நின்ற பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும்வரை நின்றார். அவர்கள் திரும்பினார்கள். பிறகுதான் கையை நீட்டினார், வலக்கையை. கொத்தை உயர்த்தி ஒவ்வொரு திறப்பாகத் தட்டிப் பார்த்தார்.

"உடற்பயிற்சி மண்டபத்தின்ரை திறப்பு இதிலை இல்லை," என்றார் என்னிடம்.

பிறகு அதையே நோர்வே மொழியில், எல்லோருக்கும் கேட்கும்படி, அதிபரிடம் சொன்னார்.